நின்றுபோன தீட்டும் நங்கை எடுத்த பூவோடும்

ஆத்தாளை நம்பி வாழும் என் சகோதரிகளே, இது சொல்லக் கூச்சமான விஷயம்தான். சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். போன வருஷம் மாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவமானால் பங்குனிப் பொங்கலில் மாரியம்மனுக்குப் பூவோடு எடுப்பதாக வேண்டியிருந்தேன். எரியும் நெருப்புச் சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவதைத்தான் பூவோடு என்போம். ஆனால் வீட்டில் புண்ணியார்ச்சனை செய்து தீட்டுக் கழித்த பிறகும் எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அது நிற்காமல் கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஊரில் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். "தாயே, இதை நிறுத்திக் குடு" என்று அழுது வேண்டினேன்.

மறுநாளே நின்றுவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆத்தாளின் மகிமையைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அடிவயிறு கல்லாய்க் கனத்தது. குளிர் உலுக்கியது. போக்கில் கெட்ட வாடை வேறு. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பூவோடு எடுக்க விடமாட்டார்களே!

பூவோடு எடுக்கும் நாளன்று மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு வேப்பிலை கட்டிவிட வந்தார் என் கணவரின் அக்கா. நங்கை என்று கூப்பிடுவேன். என் கையைத் தொட்டதும் திடுக்கிட்டார்.

"ஏங்கண்ணு, ஒடம்பு இப்படிக் கொதிக்குது?"

"நெருப்புக்கிட்ட நிக்கறனுங்க நங்கை, அதானுங்க."

சொல்லி முடிப்பதற்குள் கால் துவண்டு அவர் மேலேயே சாய்ந்தேன்.

"உன்ர பூவோட்ட நான் எடுக்கறேன். நீ மொதல்ல ஆசுபத்திரிக்குப் போ சாமி" என்றார்.

சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. "ரத்தம் நிக்கலம்மா. கட்டி அடைச்சுக்கிட்டு, வெளிய வர வழியில்லாம கர்ப்பப்பைக்குள்ளயே தேங்கியிருக்கு. கிருமியும் பரவிடுச்சு. உடனே சுத்தம் பண்ணணும்."

எதை வரமென்று ஊரெல்லாம் சொன்னேனோ, அதுதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. அழுகை முட்டியது. "ஆத்தா, உனக்கு எது சரியோ அதைச் செய். என் பிள்ளைகிட்ட மட்டும் என்னைச் சேர்த்துடு" என்றேன். என் வாழ்நாளில் நான் உண்மையாகப் பிரார்த்தித்தது அப்போதுதான். ரத்தம் ஏற்றினார்கள், சுத்தம் செய்தார்கள். பிழைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் ஊரில் நங்கை என் பூவோட்டை ஏந்தி வலம் வந்துகொண்டிருந்தாராம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புட்டிப்பாலுக்குப் பழகிய என் மகள், அப்புறம் என் மார்புக்கு வரவே இல்லை. எப்படியெல்லாமோ கெஞ்சிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நங்கையின் கை வடிவில் வந்து என்னைத் தொட்டவள் ஆத்தாதான். எனக்கு அதில் சந்தேகமில்லை. தாய்மார்களே, அவளிடம் கேளுங்கள், கட்டாயம் இரங்குவாள். உடம்பின் வலியை அவளிடம் சொல்வதுபோல் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்பெல்லாம் மாதாமாதம் தூரமாகும்போது சலித்துக்கொள்வேன். இப்போது, தேங்காமல் வெளியே போகிறதே என்று, ஒதுங்கி உட்கார்ந்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.