ஒரே பிள்ளையாருக்கு இரண்டு நேர்த்தி

எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் என் கணவரின் தங்கை வீடு. அந்த மச்சாளின் மகன் மருத்துவபீடம் போன நாளிலிருந்து எனக்கு அந்த வேலியைப் பார்க்கவே பிடிக்காது. கோழிக்குத் தீன் போடும்போதும் "எங்கடை டொக்டர் இன்னும் எழும்பேல்லை" என்பாள். என்ரை மகள் கலைப்பீடம். "ஆர்ட்ஸ் எண்டாலும் பரவாயில்லை மச்சாள், பொம்பிளைப் பிள்ளைதானே" என்று ஒருநாள் ஆறுதல் வேறு சொன்னாள். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

போன வருசம், எல்லாப் பீடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே சோதனை வைக்கப்போகிறார்கள் என்று மகள் வந்து சொன்னாள். படித்த பாடம் ஒன்றும் வராதாம். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்களாம்.

"பக்கத்து வீட்டு டொக்டருக்கும் இதே பேப்பரோ?"

"ஓம் அம்மா."

அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனேன். என் பிள்ளை அவனை முந்தினால் மோதகம் அவித்துப் படைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அவன் விழவேண்டும் என்று கேட்கவில்லை. இவள் முந்தவேண்டும் என்றுதான் கேட்டேன்.

சோதனை எழுதி வந்தவளிடம் கேள்வி என்ன என்றேன். ஓர் ஊரில் குழாய்க்கிணறு அடித்தார்களாம். பிறகு பக்கத்துத் தோட்டக் கிணறு உவராகிவிட்டதாம். குழாய்க்கிணறுதான் காரணம் என்று ஊர் சொல்கிறதாம். அதை நம்பலாமா? ஒரு பகுதியில் என்னென்ன கேட்டுப் பார்க்கவேண்டும் என்றும், மற்றப் பகுதியில் தங்கள் முடிவையும் எழுதவேண்டுமாம்.

"உதிலை யோசிக்க என்ன கிடக்கு? குழாய்க்கிணறுதான்."

"அந்த வருசம் மழை பெய்ததோ எண்டு கேக்கேல்லையே அம்மா. மற்றக் கிணறுகளும் உவராகினதோ? ஒண்டுக்குப் பிறகு ஒண்டு நடந்தால், அதாலைதான் நடந்தது எண்டில்லை."

எனக்கு அது பிடிபடவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் நம்பிக்கை வந்தது.

சோதனை மாக்ஸ் வந்த அன்று, "கேள்வி கேக்கிற பகுதியிலை பக்கத்து வீட்டு மச்சானை விட எனக்கு மாக்ஸ் கூட" என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. மா வறுத்து, பயறு அவித்து, விடியவே மகளோடு கோயிலில் நின்றேன்.

அங்கே மச்சாளும் மூடிய சட்டியோடு நின்றாள்.

"என்ன மச்சாள், விசேசமோ?"

"நேர்த்தி மச்சாள். அந்தச் சோதனையிலை எங்கடை டொக்டர் உங்கடை பிள்ளையை முந்திப்போட்டான். முடிவு எழுதிற பகுதியாம்."

ஐயர் இரண்டு சட்டியையும் திறந்து பார்த்தார். "ரெண்டும் மோதகமோ? பிள்ளையாருக்கு இண்டைக்குக் கொழுத்த நாள்" என்றார்.

மகளை ஒரு பக்கமாக இழுத்தேன். "ரெண்டு பகுதியையும் கூட்டினால் ஆருக்குக் கூட?"

"கூட்டித் தரேல்லை அம்மா. ரெண்டும் வேறை வேறை திறமையாம்." பிறகு சிரித்தாள். "நேர்த்தியாலைதான் எனக்குக் கூட எண்டால், அங்கையும் நேர்த்திதானே வைச்சவை. பிள்ளையார் ஆற்றை பக்கம்?"

"கோயிலுக்குள்ளை நிண்டு குழாய்க்கிணத்துக் கதை கதையாதை" என்றேன்.

பூசை முடிந்து எல்லாருக்கும் மோதகம் கொடுத்தபோது மச்சாளின் சட்டிதான் முதலில் முடிந்தது. கடைசி மோதகத்தை என் கையில் வைத்து, "எப்பிடி மச்சாள்?" என்றாள். ஏலக்காய் அளவாக விழுந்திருந்தது. தோல் மெல்லிசு. பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க எப்படிப் பொய் சொல்வது?

"நல்லாயிருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வெளிக்கிடுமுன் மறுபடி உள்ளே போனேன். அடுத்தமுறை மாக்சைக் கூட்டித் தருகிற புத்தியை அந்தப் படிப்பிக்கிற ஆக்களுக்குக் கொடு அப்பனே என்று கும்பிட்டு வந்தேன்.