தகரத்துக்குக் கீழே பன்னிரண்டு கம்பி

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் விட்ட செருப்பு நிறையத் தண்ணி. மழை பெய்திருக்கிறது. உள்ளே இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. கோயிலுக்குப் புதுசாகச் சீலிங் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. குளிர்கூட கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் செருப்பைக் கவிழ்த்துத் தண்ணியைக் கொட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எங்க கோயில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல்பிரிவில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற லயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மேலே வெறும் தகரம். மழை விழுந்தால் சல்லிக் கல்லை லாரியோடு கூரையில் கொட்டின மாதிரி இருக்கும். பாதர் பிரசங்கத்தை நிறுத்தி மேலே பார்ப்பார். விடுகிற மழையாகத் தெரியாவிட்டால், "பாடுங்கப்பா" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் பக்கம் என்றால் நானும் சவரியும். சவரி எங்க லயத்துக்காரன், பக்கத்துக் காம்பரா. அவன் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான். நான் ஸ்டோரில், அதான் தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டுகிற தட்டில் வேலை. ஆளுக்கொரு கிட்டார். அவனுடையது அவன் மாமா கொடுத்தது. என்னுடையது கோயிலுடையது, விரிசலுக்குப் பசை போட்டது. சொந்தமாக எனக்கு எதுவும் இல்லை.

ஒரு கிட்டார் மழைக்குக் கேட்காது. ரெண்டு சேர்ந்தால் கேட்கும். இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். சவரிக்குக் காய்ச்சல் என்று ஒரு ஞாயிறு நான் மட்டும் வாசித்தேன். நல்ல மழை. முன் வாங்கில் உட்கார்கிற சனம் பாட்டை முடித்து உட்கார்ந்துவிட்டது. பின் வாங்கு இன்னும் ரெண்டாவது சரணத்தில் நின்றது. பூசைக்கு உதவுகிற உபதேசியார் நடுவில் நின்று ரெண்டு கையையும் ஆட்டினார், மாடு விரட்டுகிற மாதிரி. சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு இல்லை. நமக்கு வாரத்தில் இருப்பது அந்த ஒரு மணி நேரம். அதுவும் கேட்காமல் போனால் என்ன இருக்கிறது?

அந்த வருசம் ஒரு நாள் பீலியடியில், தண்ணிக் குழாய்க்குக் கீழே கை கழுவும்போது சவரி சொன்னான்.

"விசா வந்துருச்சுடா."

"எங்க?"

"கட்டார்."

"அப்ப பாட்டு?"

"நீ இருக்கீல்ல."

"ஒத்தக் கிட்டாரு கேக்காதேடா."

 அவன் குழாயை மூடிவிட்டுக் கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னான். "கந்தப்பளை கல்யாணத்துல ஒருத்தன் வாசிச்சான் பாரு, பன்னெண்டு கம்பி. கண்ண மூடுனா ரெண்டு பேருன்னுதான் சொல்லுவ. அத வாங்கு. நான் போறதுக்குள்ள வாங்கு, நானே வந்து பாத்துத் தர்றேன்."

தான் போனால் தன் இடத்துக்கு வருவது எது என்று பார்த்துக் கொடுக்க அவனே வந்தான். இதை இப்போதுதான் இப்படி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கும்.

காசு சேர்ந்த கதை வேண்டாம், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறிப் போகிற கடை. முதலாளி சிங்கள ஆள், தமிழ் பேசுவார். சுவர் நிறையக் கிட்டார் தொங்கும். எங்கள் கையில் ரெண்டைக் கொடுத்தார். ஒன்று கறுப்பு, முகம் தெரிகிற பளபளப்பு. இன்னொன்று மண்ணிறம், யாரோ வாங்கிக் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. அதன் ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். காய்ந்த பலகை வாசம். ஸ்டோரில் வேலை செய்தவனுக்கு எதையும் முகர்ந்து பார்த்தால்தான் நிம்மதி. கொழுந்து வாடின பதத்தை நாங்கள் மூக்கால்தான் சொல்லுவோம். உடம்பு, சட்டை, சோறு, எல்லாத்திலும் அந்த வாசம்தான்.

முதலாளி தம்பியைக் கூப்பிடுகிற சிங்களத்தில் சொன்னார், "மல்லி, அது மூக்குக்கு இல்ல. காதுக்கு."

சவரி, "விடுங்க முதலாளி, இவன் பொண்ணு பாக்கப் போனாலும் இப்படித்தான்" என்றான். முதலாளி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பன்னிரண்டு கம்பியும் ரெண்டு ரெண்டாக நிற்கும். தடித்த கம்பிக்குப் பக்கத்திலேயே மெல்லிய கம்பி ஒன்று. ஒரு விரலால் ரெண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். முதல் தடவை அமுக்கினபோது விரல் நுனி வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. சவரி ஒரு கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்தை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தான். "இத்தனை கம்பியும் சேந்து இழுத்தா கழுத்து முன்னால வளைஞ்சுரும். கந்தப்பளைக்காரன் சொன்னான்" என்றான். ரெண்டுமே நேராகத்தான் இருந்தது.

கடைக்குள் கறுப்பு நன்றாக இருந்தது. சத்தம் உடம்புக்குள் இறங்கும். மண்ணிறம் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. எனக்குக் கறுப்பின் மேல்தான் ஆசை. அதைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுக் கீழே வைக்க மனசு வரவில்லை.

சவரி முதலாளியிடம் கேட்டான், "இதுல எது மழைக்குக் கேக்கும்?"

"மழைக்கா?"

"எங்க கோயில் தகரம் முதலாளி. மழை பேஞ்சா ஒண்ணும் கேக்காது. அதுக்குத்தான் வாங்குறோம்."

கடைக்குப் பின்னால் பெட்டி அடுக்குகிற கொட்டகை ஒன்று இருந்தது, மேலே தகரம். அங்கே வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். "பார், பார். ஆனா மழை எங்க?" என்றார் முதலாளி.

சரிதான். மழை இல்லை. ஹட்டனில், அந்த மாசத்தில், நல்ல வெயில். நாங்கள் கொட்டகை வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்தோம். முதலாளி பால் இல்லாத பிளேன்டி அனுப்பினார். குடித்தோம். வானத்தைப் பார்த்தோம். தோட்டத்து ஆள் ரெண்டு பேர் மழைக்கு ஏங்கி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"தொரை, கொழுந்து நனைஞ்சிருக்குன்னு நம்ம எடையில கிலோ வெட்டணும்னா ஓடி வந்து பெய்யும்" என்றான் சவரி. "நமக்கு வேணும்னா வராது. இது தொரை மழைடா."

"பஸ்சு போயிரும்."

"போவட்டும். நான் போற ஊர்ல மழையே இல்லையாம். இதையாவது பாத்துட்டுப் போறேன்."

 நான் பெட்டி மேல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நாலு மணி வாக்கில் மலைக்கு அந்தப் பக்கம் இருட்டியது. கொஞ்ச நேரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சவரி கொட்டகையின் அந்தக் கோடிக்கு, பெட்டிகளுக்குப் பின்னால் ஓடினான். கேட்டால் கையைத் தூக்குவான், அதுதான் பேச்சு. நான் கறுப்பை எடுத்து வாசித்தேன். ஓங்கி வாசித்தேன். அவன் கை தூக்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கொஞ்சம் முன்னால் வந்தான். பிறகு பாதிக் கையைத் தூக்கினான். கடைக்குள் அவ்வளவு இனிப்பாக இருந்த சத்தத்தை மழை தின்றுவிட்டது.

மண்ணிறத்தை எடுத்தேன். சாதாரணமாகத்தான் தட்டினேன். அந்தக் கீச்சுச் சத்தம் இருக்கிறதே, மெல்லிய கம்பிச் சத்தம், அது தகரத்துச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்றது. எனக்கே கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சவரி கையைத் தூக்கவில்லை. மழைப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். இதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

அவன் மெதுவாக வந்தான். "இத எடு."

"கேட்டுச்சா?"

"நானும் சேந்து வாசிக்கிற மாதிரி கேட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "இனி நான் எதுக்குடா?" என்று சிரித்தான்.

கடைசி பஸ்ஸில் வந்தோம். முதலாளி கொடுத்த உரப் பை ரெண்டைக் கிழித்துக் கிட்டாருக்குச் சுற்றியிருந்தோம். வழியெல்லாம் அது அவன் மடியில்தான் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவன் போனதுக்கு அடுத்த ஞாயிறே மழை. பாதர் கையைக் காட்டினார். நான் வாசித்தேன். முன் வாங்கும் பின் வாங்கும் ஒன்றாக எடுத்தது, ஒன்றாகப் பாடியது. உபதேசியார் கையை ஆட்டாமல் நின்றார். எனக்குள்ளே ஒரு சந்தோசம். அப்போது கடைசி வாங்கில் ஒருத்தர் எழுந்து நின்றார். சவரியின் அம்மா ரோசம்மா. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். எனக்கு இடது பக்கம், சவரி எப்போதும் நிற்கிற இடத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ரெண்டு கிட்டார் கேட்கிறதே, மகன் வந்துவிட்டானா என்று. பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை.

சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள். சவரியின் கிட்டார் சுவரில் ஆணியில் தொங்கியது, மேலே துணி போட்டு.

"பெரியம்மா, என் கிட்டாருல ஆறு கம்பிய கழட்டிரவா?"

"ஏம்பா?"

"ரெண்டு பேரு மாதிரி கேக்குது. ஒங்களுக்கு..."

பெரியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார்கள். "கழட்டாத சாமி. மொதத் தடவ தெரியாம எந்திரிச்சுப்புட்டேன். இனிமே கண்ண மூடிக்கிறேன். பாட்டு முடியிற வரைக்கும் எம்புள்ள அங்கதான் நிக்கிறான்."

அதற்குப் பிறகு எந்த மழையிலும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நானும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் வாசிப்பேன். சவரி ஒரு தடவை லீவில் வந்தான். ஆணியிலிருந்த கிட்டாரை எடுத்துத் துடைத்து என் பக்கத்தில் நின்று வாசித்தான். அன்றைக்குப் பெரியம்மா கண்ணை இமைக்கவே இல்லை.

இப்போது அந்த லயத்தில் பாதிக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. ஹட்டனில் அந்தக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். கோயிலில் பெட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, கீபோர்ட் இருக்கிறது. பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். பன்னிரண்டு கம்பிக்கு வேலை இல்லை.

பெரியம்மா போய்விட்டார்கள், சீலிங் அடிக்கிறதுக்கு முந்தின வருசம். சவரிக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கப் பூசையில் என் மகள் போனைத் தூக்கிப் பிடித்து அவனுக்கு எல்லாத்தையும் காட்டினாள். "நீ வாசிடா, கேக்குறேன்" என்றான். வாசித்தேன். வெளியே மழை, மேலே தகரம். நான் ஓங்கித்தான் வாசித்தேன்.

முடிந்ததும் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.  

சவரி சொன்னான், "இங்க ஒரு கிட்டாருதான்டா கேக்குது."

"போன்ல அப்படித்தான்" என்றேன்.