உன் டம்ளரை நீயே கொண்டுவா

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஊழியர்களின் தேநீர் அறைச் சுவர் முழுக்கக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு கோப்பை, கோப்பைக்கு ஒரு பெயர். சேர்ந்த புதிதில் அலமாரி மூலையில் கிடந்த பேப்பர் கப் ஒன்றை எடுத்துத் தேநீர் ஊற்றினேன். பின்னால் நின்ற ஹெல்கா, என்னைவிட மூத்த செவிலி, முகத்தைச் சுளித்தாள். "அது விருந்தாளிகளுக்கு. நாளையிலிருந்து ஐகெனெ டாஸ்ஸெ, உன் சொந்தக் கோப்பையைக் கொண்டுவா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த வாரம் முழுக்க அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தேநீர் பிடிக்காது என்று ஹெல்கா எல்லோரிடமும் சொல்லி வைத்தாள்.

அவளுக்கு எதை என்று சொல்வது? உத்திரமேரூரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில், ஊரைவிட்டு விலகி ஏரியோரமாக இருக்கும் இருளர் குடியிருப்பு என்னுடையது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெரிய வீட்டில், எங்கள் ஆட்களுக்கென்று நசுங்கிய அலுமினிய டம்ளர்கள் தனியாக இருந்தன. மாட்டுக் கொட்டகையின் கூரையில் செருகியிருக்கும். எடுத்து நீட்டி, உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, கழுவி, மறுபடி அங்கேயே செருக வேண்டும். பிறகுதான் பேப்பர் கப் வந்தது. முதல் நாள் குடித்த கப்பை அம்மா கசக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். "அவுங்களுக்கும் இதான், நம்புளுக்கும் இதான். குட்ச்சிட்டு தூக்கிப் போட்டுட்டா ஆச்சு" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அந்தக் கப் மக்காது, மதகை அடைக்கும், ஆடு தின்று வயிறு ஊதிச் சாகும் என்று எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களே, தெரியும். செத்தது எங்கள் ஆடு.

ஜெர்மனியில் எல்லாம் கற்றுக்கொண்டேன். காய்கறித் தோலுக்குப் பழுப்புத் தொட்டி, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக் உறைக்கு மஞ்சள். குளிர்காலத்தில் ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கம்பளிச் சட்டை, கடைக்குத் துணிப்பை, வேலைக்குச் சைக்கிள். எதிர்வீட்டு அம்மாள், "இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டாயே" என்று பாராட்டினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்பு எரிந்தது. கிழிந்த சேலை தூளியானது, தூளி கிழிந்து கரித்துணியானது. குப்பைக்குப் போட எதையாவது வாங்கியிருந்தால்தானே? அப்போது எங்களைச் சுற்றுச்சூழலைக் காப்பவர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லாதப்பட்டவர்கள் என்றார்கள், அதோடு விட்டார்கள்.

கடைசியில் நானும் ஒரு கோப்பை வாங்கி மாட்டினேன். ஒரு நாள் வேலை அவசரத்தில் ஹெல்கா என் கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டாள். பெயரைப் பார்த்ததும் பதறி மன்னிப்புக் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். நான் ரொம்பச் சுத்தம் பார்ப்பவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் அதை வெந்நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அங்கே தேநீர் குடிக்கிறேன்.

போன தை மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். அம்மாவை வேலையை விடச் சொன்னால் விடமாட்டாள்; உடன் வேலை செய்கிற பெண்களின் பேச்சுத்துணை இல்லாமல் அவளால் முடியாது. பெரிய வீட்டில் இப்போது மகன்தான் பொறுப்பு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்ய வந்தவர். வாசலில் 'குப்பையில்லாப் பண்ணை' என்று பலகை தொங்குகிறது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார்களில் வந்து இறங்குகிறவர்கள் சேற்றில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு மண் குவளையில் டீ. களையெடுக்கும் பெண்களுக்கு உத்தரவு: பேப்பர் கப் கிடையாது, அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவர வேண்டும். அம்மா கட்டைப் பையில் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரைச் செருகிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தேன். கூடவே போனேன்.

டீ நேரத்தில் அவரிடமே கேட்டேன். "அந்த மண் குவளையில இவங்களுக்கும் குடுக்கலாமே சார்?"

"அது கெஸ்ட்டுக்கும்மா. ஜெர்மனியில நீங்கல்லாம் சொந்தக் கப்புதானே வச்சிருக்கீங்க? நம்ம ஆளுங்களுக்கு நீயே எடுத்துச் சொல்லு சித்ரா."

"அங்க எல்லார் கப்பும் ஒரே தொட்டியிலதான் கழுவுறோம் சார். உங்க கப்பையும் எங்கம்மா டம்ளரையும் இன்னைக்கு ஒண்ணா போட்டுக் கழுவலாமா?"

அவர் சிரித்தார். "தண்ணி மிச்சமாகும், நல்ல ஐடியா" என்றார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சும்மா கெட மே. நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. நாளிக்கு நான்தான இங்க வந்து நிக்கணும்?"

அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. மறுநாள் காலையில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கினேன். அதையும் துணிப்பையை நீட்டித்தான் வாங்கினேன், சிரித்துக்கொள்ளுங்கள். வயலுக்குப் போய் ஆளுக்கு ஒன்றாக நீட்டினேன். மற்ற பெண்கள் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார்கள். அம்மா மட்டும் என்னை முறைத்துவிட்டுத் தன் டம்ளரிலேயே டீயைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வரப்பில் வந்து நின்றார். "என்ன இது சித்ரா? வெளிநாடெல்லாம் பாத்த பொண்ணு, நீயே இப்படிக் குப்பை போடலாமா?" பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "தினம் தூக்கிட்டு வர்றது கஷ்டமா இருந்தா, டம்ளர நம்ம மாட்டுக் கொட்டாயிலயே சொருகி வச்சிட்டுப் போயேன் கன்னியம்மா."

அந்தக் கூரையைப் பற்றி அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாமலே வளர்ந்திருக்க முடிந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா டம்ளரில் இருந்த டீயை வரப்பில் கொட்டினாள். டம்ளரைப் பையில் போட்டாள். என் கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு பேப்பர் கப்பை உருவி, தானே டீ ஊற்றிக்கொண்டு, அவரைப் பார்த்தபடியே நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு கப்பைக் கசக்கி அவர் காலடியில் போட்டாள்.

"நாளிக்கு வேற ஆளு பாத்துக்க சாமி."

நான் என்னை அறியாமல் குனிந்தேன். கீழே கிடக்கும் எதையும் எடுத்து உரிய தொட்டியில் போடாமல் நகராத கையாக என் கை ஆகிவிட்டிருந்தது.

"எட்க்காத" என்றாள் அம்மா. "அங்கியே கெடக்கட்டும்."

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அந்தக் கப் இங்கே எத்தனை மழைக்கும் மக்காமல் கிடக்கும் என்பதும் தெரியும். எடுக்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல், நீட்டிய கையோடு அந்த வரப்பிலேயே நின்றேன்.