பூவா, லூவா?

லோரெட்டா பிஸ்குபிக் மைதானத்தில் வாய் திறந்து கத்தினால், ஈரி ஏரிக்கு அக்கரையில் கனடா நாட்டுப் பசுக்களுக்கு மடியிலேயே பால் வெண்ணெயாகத் திரண்டுவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். நேர் அக்கரையில் பசுவே கிடையாது, திராட்சைத் தோட்டம்தான். ஆனால் இக்கரையில் அவள் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் அவளுடைய ஒரு 'உட்காரு'வுக்கு அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள். ஜன்னல் திறந்திருந்த நாட்களில் தெருவில் நடந்துபோன ஒன்றிரண்டு பெரியவர்களும் உட்கார்ந்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்ட குரலை அவள் நாரைகளுக்காக வீணாக்கினாள். நாரைகள் என்பது எங்கள் ஊர் பேஸ்பால் அணி. இங்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே இந்தத் துக்கத்தையும் தண்ணீரோடு சேர்த்துத் தலையில் ஊற்றிவிடுவார்கள். நாரைகள் கடைசியாகக் கோப்பை வாங்கிய ஆட்டத்தை நாங்கள் கண்ணால் பார்த்தது போலவே விவரிப்போம்; அப்போது எங்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. ஏப்ரலில் 'இந்த வருஷம் நம்ம வருஷம்' என்போம். ஜூனில் 'அடுத்த வருஷம்' என்று திருத்திக்கொள்வோம். ஜூலை வந்ததும் அணி யாரை யாருக்குக் கைமாற்றப்போகிறது என்று பேச உட்கார்ந்துவிடுவோம். எங்களுக்கு மிகப் பிடித்த மாதம் அதுதான். மற்ற மாதங்களில் ஆடித் தோற்க வேண்டியிருக்கிறது. ஜூலையில் பேசினாலே போதும்.

லோரெட்டாவின் இருக்கைக்கு வலப்பக்கத்தை ஒட்டி மைதானத்தின் பழைய இரும்புத் தூண் ஒன்று நிற்கும். அதனால்தான் அந்த இருக்கை மலிவு. அவளுக்கு மைதானத்தின் இடது பாதி தெரியும். தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓடிஸ் விக்கம் என்ற ஓய்வு பெற்ற தபால்காரருக்கு வலது பாதி தெரியும். இருவரும் தூணைச் சுற்றி ஒருவருக்கொருவர் சேதி சொல்லி முழு ஆட்டத்தையும் பார்த்து முடிப்பார்கள். முன்பு ஓடிஸின் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் லோரெட்டாவின் கணவர் ஹால். மூக்கடைப்புக்கு வெயில் நல்லது என்று ஃப்ளோரிடாவுக்குப் போனவர், மூக்கு திறந்த பிறகும் திரும்பவில்லை. "தூணுக்கு அந்தப் பக்கம் ஆள் மாறினதே எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்று லோரெட்டா சொல்லிச் சிரிப்பாள். அது பொய். அன்றைக்கே தெரியும்.

ஹால் போன அதே கோடையில்தான் லூ வந்தான். லூ பாப்பாஸ்தவ்ரூ, கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை. அதிலும் லூ மாற்று ஆள். முக்கியக் கேட்சருக்கு முழங்கால் வலித்தால், அன்றிலிருந்து லூவுக்கு முழங்கால் வலிக்கும். மற்ற நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான்.

லோரெட்டாவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போனது. அவளும் பல வருடங்கள் மாற்று ஓட்டுநராக இருந்தவள். விடியற்காலையில் யாராவது காய்ச்சல் என்று படுத்தால்தான் அவளுக்குப் பேருந்து. ஷூவைக் கட்டிக்கொண்டு, காப்பியை வைத்துக்கொண்டு, தொலைபேசியையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊரார் நலமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள முடியாது, கத்தோலிக்கப் பெண். வேண்டிக்கொள்ளாமலும் இருக்க முடியாது.

ஆகவே லூ முதன்முதலாக மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்த அன்று, லோரெட்டா எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து இழுத்தாள்: "லூஊஊஊஊ!" பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. மறுவாரம் முழு மைதானமும் சேர்ந்துகொண்டது. அவன் தலை தெரிந்தாலே போதும், ஏரிக் காற்றோடு 'லூஊஊ' எழும்பும். எங்களுக்கு ஜெயிக்கத் தெரியாது. நீட்டி முழக்கத் தெரியும்.

அந்த லூவைத்தான் போன ஜூலையில் அணி கைமாற்றிவிட்டது.

சேதி வந்த சனிக்கிழமை மத்தியானம் எர்மாவின் மதுக்கடையில் கூடினோம். எர்மா இந்தக் கடையின் முதலாளி. மைதானத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆட்டம் முழுக்க அவளுக்கு ரேடியோவில்தான். லோரெட்டா செய்தித்தாளை மேசையில் போட்டு அடித்தாள். லூவைப் பாலைவனத்து ஊரின் தேள்கள் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்' ஒருவரை நாரைகள் பெறுவார்கள் என்று போட்டிருந்தது. பேஸ்பாலில் அது வழக்கம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

"பேரே இல்லாதவனுக்கு லூவைத் தூக்கிக் குடுத்துட்டானுங்களே!"

"பேரு இல்லாதவன் நல்ல ஆட்டக்காரன், லோரெட்டா" என்றார் ஓடிஸ், பியரோகிக் கொழுக்கட்டையைப் புளிப்புக் கிரீமில் தோய்த்தபடி. "இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவுட் ஆகல. ஒரு பந்தைக் கோட்டை விடல. நம்ம அணியிலயே சுத்தமான ரெக்கார்டு அவனுக்குத்தான்."

"வாயை மூடுங்க ஓடிஸ். சின்னப் பையன் பந்து வீச வந்து கால் நடுங்கி நிப்பான். லூ எழுந்து போய், முகமூடியைத் தூக்கிட்டு அவன் காதுல என்னமோ சொல்லுவான். பையன் சிரிச்சிடுவான். அதெல்லாம் உங்க கண்ணுல படாது!"

"எப்படிப் படும்? எனக்குத் தூண் மறைக்குது. அடுத்த பந்து வேலியைத் தாண்டிப் போறது மட்டும் நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. அதோட கண்ணும் இருக்கு. அவன் மட்டையால அடிச்ச பந்தைவிட அவன் தும்மல் தூரமாப் போகும். நல்ல மனுஷன், ஒத்துக்கறேன். நல்ல மனுஷன் வேணும்னா பாதிரியாரைக் குந்த வெச்சிடலாமே?"

"பாதிரியாருக்கு முழங்கால் பழக்கம் உண்டுதான்" என்றாள் எர்மா. கடையே சிரித்தது. லோரெட்டா மட்டும் சிரிக்கவில்லை.

எர்மா கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி அருகில் வந்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலடி. இப்ப இந்த ஒப்பாரி வைக்கறீங்களே, அவன் இங்க இருந்தப்ப எதுக்கு அப்படி விரட்டுனீங்க?"

"யாரு விரட்டினது?"

"நீங்கதான். நான் ரேடியோல கேக்கறேனே! அவன் மட்டையை எடுத்தாப் போதும், மைதானமே பூஊஊஊன்னு கத்தும். நான்கூட நெனச்சுக்குவேன், பாவம், அந்தாளு பெண்டாட்டி பிள்ளைங்க கேட்டா என்ன நெனப்பாங்கன்னு."

எங்கள் நாட்டில் ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் வாயைக் குவித்து 'பூ' என்று நீட்டுவோம். அந்தப் பூவில் வாசம் கிடையாது.

"அது பூ இல்ல எர்மா, லூ!" என்றாள் லோரெட்டா.

"பூவோ லூவோ, ரேடியோல எல்லாம் ஊதான்."

எர்மா செய்தித்தாளைத் திருப்பி, கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள். விடைபெறும்போது லூ சொன்னதாக ஒரே ஒரு வரி: 'இந்த ஊர்ச் சத்தம் என் காதை விட்டுப் போகாது.'

"பாத்தியா?" என்றாள் எர்மா.

லோரெட்டாவின் முகத்தில் ரத்தம் இல்லை. இரும்புத் தொப்பிக்குள், முகமூடிக்குள் இருக்கிறவனுக்கு ல எது, ப எது? இத்தனை வருடம் அவனைக் கொஞ்சுவதாக நினைத்து, ஊரையே கூட்டிவைத்து, நாள் தவறாமல் காறித் துப்பியிருக்கிறோமா?

ஓடிஸ் தன் பீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடு லோரெட்டா. அந்த ஊர்ல வெயில் அடிக்கும். முழங்காலுக்கு நல்லது."

"ஹாலும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேள்கள் எங்கள் ஊருக்கு ஆட வருவதாக இருந்தது. அதற்குள் லோரெட்டா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவனுக்குத் தெரிய வேண்டும், இந்த ஊர் அவனை விரட்டவில்லை என்று. லூ என்று கத்தினால்தானே வம்பு? குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்துவோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து, வரிசை வரிசையாக நடந்து, பேருந்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தாள்.

"ரெண்டு கைதட்டு. அப்புறம் பேரு. பாப்-பாஸ்-தவ்-ரூ! எங்க, சொல்லுங்க. ஏய், கடுகுச் சாஸ் ஒழுகுது பாரு, சட்டையைத் துடைச்சுட்டுச் சொல்லு!"

"கிரேக்கப் பேருல்ல, நாக்கு சுளுக்குது" என்றார் பின் வரிசைக்காரர்.

"சுளுக்கட்டும். அவன் ஒன்பது வருஷம் முழங்காலைச் சுளுக்கிக்கிட்டான்."

அந்தப் பெயரின் கடைசி எழுத்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் யோசனை போகவில்லை. கடைசியைப் பற்றி யோசித்துப் பழகியிருந்தால் நாங்கள் நாரைகளின் ரசிகர்களாகவே இருந்திருக்க மாட்டோம்.

ஏழாவது சுற்றில் லூ வந்தான். தேள்களின் சிவப்புச் சட்டை. மற்றபடி அதே நடை, அதே முழங்கால். லோரெட்டா எழுந்து கையை உயர்த்தினாள். தட், தட். "பாப்பாஸ்தவ்ரூ!" கச்சிதமாக விழுந்தது. தட், தட். "பாப்பாஸ்தவ்ரூ!" அவளுக்குக் கண் கலங்கியது. மூன்றாவது தடவை எங்கள் தொண்டை தன் புத்தியைக் காட்டியது. இத்தனை வருடம் ஊகாரத்தில் ஊறிய தொண்டை, வழியில் ஒரு ஊகாரத்தைக் கண்டால் விடுமா? "பாப்பாஸ்தவ்ரூஊஊஊஊஊ!"

எதிர்ப் பக்கத்து மேடையில் இருந்தவர்களுக்கு வால் மட்டும்தான் கேட்டது. எதிரி அணிக்காரனை நம்மவர்கள் விரட்டுகிறார்கள் என்று நினைத்து, விசுவாசத்தோடு அவர்களும் ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அசல் பூ. ஒரு நிமிடத்தில் மைதானமே பூந்தோட்டம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கடா!" என்று லோரெட்டா கத்தினாள். அவள் குரலுக்கே அன்று மைதானம் கட்டுப்படவில்லை.

லூ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்த பந்தை ஓங்கி அடித்தான். "எங்க போச்சு? எங்க போச்சு?" என்று அவள் தூணைச் சுற்றிக் கேட்டாள்.

"வேலிக்கு அந்தாண்ட" என்றார் ஓடிஸ், நம்ப முடியாத குரலில். "நம்மகிட்ட இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி அடிச்சானா, ராஸ்கல்!"

அந்த ஒரு அடியில் நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து ஜனம் கலையும்போது லோரெட்டா கம்பித் தடுப்பை நோக்கி இறங்கினாள். பின்னாலேயே ஓடிஸும் வந்தார், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. வழியில் நின்ற காவலாளி கை நீட்டி மறித்தான்.

"மேடம், இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது."

"உன்னை ரெண்டாம் வகுப்புல இருந்து பஸ்ல ஏத்திட்டுப் போனவ நான். உட்காரு."

உட்கார்ந்தான்.

"லூ! நில்லு!"

லூ நின்றான். கூடவே இன்னும் இரண்டு தேள்கள் நின்றார்கள். புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் குழாயைக் கீழே போட்டார். லூ திரும்பி, முழங்கால் நொடிக்கிற சத்தத்தோடு தடுப்புக்கு வந்தான். கிட்டத்தில் பார்த்தபோது காதோரம் நரைத்திருந்தது.

"நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ" என்றாள் லோரெட்டா மூச்சுவாங்க. "இத்தனை வருஷமும் நாங்க கத்தினது பூ இல்ல. லூ. இன்னைக்கும் பூ இல்ல, உன் பேரோட வால். எங்களுக்குக் கத்தத் தெரியல, அவ்வளவுதான். உன்னை யாரும் விரட்டல. நான்தான் அதை ஆரம்பிச்சேன். திட்டணும்னா என்னைத் திட்டு."

லூ சிரித்துவிட்டான். "எனக்குத் தெரியாதா மேடம்? வந்த முதல் மாசமே தெரியும். எங்க அம்மாதான் டிவியில கேட்டுட்டு ஒரு மூச்சு அழுதாங்க. அவங்களுக்கு விளக்கறதுக்குள்ளதான் பெரும்பாடாப் போச்சு."

"அப்ப காதை விட்டுப் போகாதுன்னு பேப்பர்ல சொன்னது?"

"நல்லபடியாத்தான் சொன்னேன். அந்த ஊர்ல நான் வந்தா கைதட்டறாங்க. கைதட்டறது யாருக்கு வேணும்?"

லோரெட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரமாக மார்பில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப்போனது.

"ஆனா ஒண்ணு" என்றான் லூ, குரலைத் தாழ்த்தி. "கேட்சருக்கு முதுகுலயும் காது மேடம். அத்தனை லூவுக்கு நடுவுல அந்தத் தூண்கிட்ட இருந்து ஒரே ஒரு பூ வரும். கணீர்னு. ஒரு ஆட்டம் தவறினதில்ல. இன்னைக்கும் வந்துச்சு. அவ்வளவு பெரிய குரல் வேற யாருக்கு இருக்கு, நீங்கதான்னு நெனச்சுக்கிட்டேன். பரவாயில்ல. ஒருத்தராவது திட்டணும்ல? அந்த ஒரு குரலுக்குப் பதில் சொல்லணும்னுதான் இன்னைக்கு அப்படி அடிச்சேன்."

லோரெட்டாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாழ்நாளில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

ஓடிஸ் வேர்க்கடலைத் தோலைத் துப்பிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அது இவ இல்ல, தம்பி. நான். அப்புறம், இங்க மட்டும் இல்ல. நீங்க வெளியூர்ல ஆடறப்ப வீட்டுல டிவி முன்னாலயும் சொல்லியிருக்கேன்."