அண்ணாச்சியின் கம்பவுண்டர் சான்றிதழ்

எங்கள் அண்ணாச்சியின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவின்முறையாருக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இலை போடும் முன் இதை வாசித்துவிடுங்கள். வாசித்தபின் எழுந்து போக நினைப்பவர்களைக் கையைப் பிடித்து நிறுத்த மாட்டேன். புகழ்ந்து எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் தாம் கம்பவுண்டர் ஆன கதையை மறைக்காமல் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

அண்ணாச்சி பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். தகப்பனார் காலமானபின் அம்மாவும் நானும் அவரை நம்பித்தான் இருந்தோம். இங்கிலீஷ் பள்ளியில் நடுத்தரப் பரீட்சை தேறினார். மருந்து கலக்கும் வேலைக்கு அது மட்டும் போதாது. டாக்டர் ஒருவரிடம் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் பழக வேண்டும். அந்த டாக்டர், நடத்தைக்கும் வேலைப் பழக்கத்துக்கும் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாளோடு சென்னைப் பட்டணம் போய், டாக்டர் கிறுக்கியதை வாசித்து, மாத்திரை உருட்டி, எந்த விஷத்தை எத்தனை துளி கொடுக்கலாம் என்று வாயால் ஒப்பிக்க வேண்டும். ஆற்றில் முழுகும்போதுகூட அண்ணாச்சி விஷங்களின் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். "வேற எதையாவது சொல்லக் கூடாதா?" என்பேன். "இத மறந்தா ஆளு செத்துப் போவான்லே" என்பார்.

அவர் பழகிய ஆஸ்பத்திரியில் புட்டியை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். குடிக்கிற மருந்தென்றால், ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதில் ஒட்டுவார்கள். வேளைக்கு ஒரு பல். எழுத்து தெரியாதவர்களும் அதைப் பார்த்து ஊற்றிக்கொள்வார்கள். விஷ அலமாரியைத் திறக்கக் கம்பவுண்டருக்கு மட்டுமே அனுமதி. ஒருநாள் அவர் லீவு. கூட்டமோ தாங்கவில்லை. டாக்டர் சாவியை அண்ணாச்சியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட இன்னும் ஒரு மாசம்தான் பாக்கி.

மேலப்பாளையத்து நெசவாளி ஒருவரின் மனைவி, கணவருக்குத் தோள்வலி என்று வந்தார். மேலுக்குப் பூசும் தைலம் கொடுக்க வேண்டும். வாய்க்குள் போனால் விஷம். அவர் கொண்டுவந்தது போன வாரம் இருமல் மருந்து வாங்கிய புட்டி. அதில் பழைய பல் காகிதம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி அதைச் சுரண்டாமல், மறுபக்கத்தில் 'மேலுக்குப் பூச' என்று எழுதி ஒட்டிவிட்டார். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றாராம்.

எழுத்து தெரியாத அந்த அம்மாள் மதியம் புட்டியோடு ஓடிவந்தார். "ரெண்டு பல்லு குடுத்தேன். வாயெல்லாம் மரத்துப் போச்சுங்காவ, வாந்தியா எடுக்காவ" என்றார். டாக்டரும் அண்ணாச்சியும் போய்ச் சேரும்போது நெசவாளி உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார். ஊரில் அப்போது வாந்திபேதி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதையே சொன்னார், அதையே எழுதினார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அந்தப் பல் காகிதத்தை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, "உனக்குச் சான்று வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி வேணும் என்றார். டாக்டர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ஒரு மாசம் காத்திருக்கச் சொல்லவில்லை.

பட்டணத்துப் பரீட்சையில் ஒரு கேள்விக்கும் அண்ணாச்சி திணறவில்லை. பிறகு அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். சான்றிதழைச் சுவரில் மாட்ட அம்மா எத்தனையோ தடவை கேட்டும் சம்மதிக்கவில்லை. நெசவாளியின் மனைவியான அந்த அம்மாள் மட்டும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அண்ணாச்சியைத்தான் தேடி வருவார். "ஒங்க கைராசிக்குத்தான் தம்பி இம்புட்டுத் தூரம் வாரேன்" என்பார். அப்படிச் சொன்ன நாளெல்லாம் அண்ணாச்சி சோற்றில் கை வைக்க மாட்டார். காரணம் தெரியாமல் நான் சண்டை போட்டிருக்கிறேன். நான் ஒரு மடையன்.

காய்ச்சலில் விழுந்த கடைசி வாரத்தில்தான் எல்லாம் சொன்னார். "அந்தம்மா நிம்மதியா இருக்கா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன். "என்னால சுமக்க முடியலலே. நீ போயிச் சொல்லிரு, மறைக்காம எழுதியும் போடு" என்றார். கண்ணை மூடப் போகிறவரிடம் என்ன வாதாடுவது?

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். நான் பயந்தபடி அவர் அழவில்லை, ஏசவில்லை. "அப்ப, ஊத்திக் குடுத்தது என் கைதானே தம்பி?" என்றார். பிழை அண்ணாச்சியுடையது, உங்களுடையது இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கிளம்பும்போது, "அச்சுல போட்டுக்கிடுங்க, என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

பட்டணத்துச் செலவுக்குக் கொடுத்து உதவிய மாமா அவர்களுக்கும், கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்த மைத்துனர்களுக்கும், திதிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கும் நன்றி எழுதத்தான் நினைத்தேன். நேற்று மேலப்பாளையத்திலிருந்து வந்தவர் ஒருவர் சொன்னார்: இப்போது அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த அம்மாள் மருந்துப் புட்டியைத் தொடுவதில்லையாம்.