பின் வயலுக்கு வழி

போன வருடம் தை மாதம், காலை பத்தரை மணி. புதுக்கோட்டையில் எங்கள் ஆபீசுக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. முத்துக்கருப்பன் அண்ணன் போனில் வந்தார். எப்போதும் கத்துகிறவர் அன்று கத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், அறுப்பு மெஷினு ரோட்டுலயே நிக்குது. வயல்ல எறங்க வழியில்ல. ஒங்க ஏஐ என்ன பண்ணி வச்சிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

அவர் பொன்னமராவதிப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுபவர். அவருடைய புக்கிங் சாப்ட்வேர் எங்கள் கம்பெனி செய்தது. அந்த சீசனில்தான் வாட்ஸப்பில் விவசாயிகளுடன் பேசி நாள் குறிக்க ஒரு ஏஐ ஏஜென்ட்டைச் சேர்த்திருந்தோம். சாப்ட்வேரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல் உண்டு. அது என்ன செய்யும், எப்போது பயன்படுத்தலாம் என்று ஒரு குறிப்பு இருக்கும். ஏஜென்ட் அதைப் படித்துத்தான் வேலை செய்யும். அந்தக் குறிப்புகளை எழுதுகிறவள் நான். பதினெட்டு வருடமாக மேனுவல் எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பும் எனக்கு உண்டு.

ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாக்கைத் திறந்து பார்த்தேன். பெரியசாமி என்ற விவசாயி தன் அறுப்பை நான்கு நாள் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார். ஏஜென்ட் 'நாள் மாற்று' டூலைக் கூப்பிட்டு மாற்றிவிட்டது. அவருக்கு அடுத்திருந்த ராசாத்தியின் நாள் அப்படியே இருந்தது. மெஷினும் சொன்ன நேரத்துக்கு ராசாத்தி வயலுக்குப் போய்விட்டது. எல்லாம் பச்சை டிக்.

ராசாத்தியின் வயல் உள்ளே இருக்கிறது. ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் பெரியசாமியின் வயல். அவர் அறுத்து முடித்தால்தான் அதன் வழியாக மெஷின் உள்ளே போக முடியும். எங்கள் பக்கம் நிறைய வயல்களுக்கு இதுதான் பாதை. முத்துக்கருப்பன் அண்ணன் தானே புக்கிங் எடுத்த காலத்தில் இந்த வரிசை அவர் மனதில் இருந்தது. சாப்ட்வேரிலும் 'யாருக்குப் பின் யார்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம். ஆனால் டூல் குறிப்பில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "விவசாயியின் அறுப்பு நாளை மாற்றும்." அந்தக் கட்டத்தைப் பார் என்று எழுதவில்லை.

எங்கள் முதலாளி அருள் சார் எட்டிப் பார்த்தார். "இந்த ஏஐ மாடல் சரியில்ல போலம்மா. வேற மாடலுக்கு மாறிருவமா?"

"மாடல் மேல பழியப் போடாதீங்க சார். நான் எழுதுனத அட்சரம் பிசகாமச் செஞ்சிருக்கு."

ராசாத்தியைக் கூப்பிட்டேன். இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். "கதிரு முத்திப்போச்சு மேடம். கெழக்க கருக்கிக்கிட்டு வருது. மழையில சாஞ்சிட்டா மெஷினால அள்ள முடியாது. எங்களுக்கு வருசத்துச் சோறு அதுதான்" என்றார். மெஷின் இரண்டு மணிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும்.

அடுத்து பெரியசாமி. "நம்ம நெல்லு இன்னும் பச்சையா கெடக்குதுங்க, அதான் தள்ளச் சொன்னேன். அந்தப் புள்ளய நெனக்கவே இல்ல பாருங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். வரப்போரமா ஒரு தடம் அறுத்துக்கிட்டு உள்ள போகச் சொல்லுங்க."

மெஷின் உள்ளே இறங்க பன்னிரண்டாகிவிட்டது. ஒன்றரை ஏக்கர் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மீதி அரை ஏக்கர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது.

மறுநாள் பஸ் ஏறி ராசாத்தியைப் பார்க்கப் போனேன். சாய்ந்த நெல்லைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். "ஒங்க வயல் உள்ள இருக்குறது ஏஐக்குத் தெரியல" என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு யாரு சொல்லணும்?"

"நான்தான்."

"அப்ப அதுக்குத் தெரியலன்னு சொல்லாதீங்க. நான் சொல்லலன்னு சொல்லுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து புதுக் குறிப்பை எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன்: "நாளை மாற்றும் முன் இவருக்குப் பின்னால் யார் வயல் இருக்கிறது என்று பார். இருந்தால், அவரிடம் கேட்காமல் மாற்றாதே."

"நான் போனப் பாக்கலன்னா?" என்றார் ராசாத்தி. அதை நான் யோசிக்கவே இல்லை. "பதில் வராவிட்டால் மாற்றாதே, முத்துக்கருப்பனிடம் விடு" என்று சேர்த்தேன். பதினெட்டு வருடத்தில் நான் எழுதிய உருப்படியான குறிப்பு அதுதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் டூல் என்ன செய்யும் என்பதை அழகாக எழுதுகிறார்கள். அது பாதி வேலை. கேட்கிறவரைத் தவிர வேறு யார் தலையில் அது விடியும், எங்கே நின்று கேட்க வேண்டும் என்பது மீதிப் பாதி. மனுசனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வான். ஏஜென்ட்டுக்குக் கேள் என்று எழுதினால்தான் கேட்கும்.

இந்தத் தை மாதம் பெரியசாமி மறுபடி நாள் தள்ளக் கேட்டார். ஏஜென்ட் ராசாத்தியிடம் கேட்டது. "ஆகாது" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. நாள் மாறவில்லை.