மான் கூண்டருகே மணி கேட்க வந்தவர்கள்

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, கடலிலிருந்து ஈரக்காற்று. சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், மான் கூண்டுக்கு எதிரே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் நானும் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தோம். கூண்டில் பதினோரு மான்கள். ஒன்றுக்குக் கொம்பு ஒடிந்திருந்தது.

இப்படிப்பட்ட இடங்களுக்குக் குடும்பங்கள் எதற்காகப் போகின்றன என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பார்கள். ராட்டினம், படகு, குழந்தை ரயில், தங்குவதற்குக் குடில்கள். பெண் பார்க்கவும் போவார்கள் என்பதைப் போட மாட்டார்கள். அன்று காலை அந்த மான் கூண்டைச் சுற்றி எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே காரியமாக வந்திருந்தன. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லாரும் நனைந்த துணியோடு திரியும் இடத்தில் ஒரு பெண் மட்டும் பட்டுப்புடவையில் இருப்பாள். எதிலும் ஏற மாட்டாள்.

நான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எடைக் கணக்கராக இருந்தேன். வீடு கள்ளக்குறிச்சியில். மகளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியை. அதற்குள் நான்கு பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு முறையும் தெருவே வாசலில் நின்றது. நான்கு முறையும் பதில் வருவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மலையில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பெண் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மற்ற இரண்டு பேர் அதையும் சொல்லவில்லை. நான்காவது முறைக்குப் பிறகு அவள் மூன்று மாதம் மலையைவிட்டு இறங்கவில்லை.

ஐந்தாவதாக உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு ஜாதகமும் போட்டோவும் வந்தன. மாப்பிள்ளை அரசு அலுவலகத்தில் எழுத்தர். வெளியூரில் பார்ப்போம் என்று நானே எழுதினேன். தரகர் இதற்கென்று இருக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வீட்டாரும் சுற்றுலாப் பயணிகள்போலப் போக வேண்டும். பெண் வீட்டார் மான் கூண்டருகே உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தள்ளி நின்று பார்ப்பார்கள். பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அப்பா வந்து மணி கேட்பார். பிடிக்கவில்லையென்றால் அப்படியே நடந்து போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் முகத்துக்கு நேரே ஒன்றும் நடக்காது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமை முதல் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் புதன்கிழமையே இரண்டு வீட்டாரும் புறப்பட்டுவிடுவது என்று ஏற்பாடு. மறியல் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நம்பினோம். நாங்கள் புதன் காலை கிளம்பிப் பகலிலேயே சேர்ந்துவிட்டோம். அவர்கள் சாயங்காலம் அலுவலகம் முடிந்து கிளம்பி, இரவு சென்னையில் உறவினர் வீட்டில் தங்குவதாக எழுதியிருந்தார்கள்.

10 மணி 50க்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, முழுக்கை வெள்ளைச் சட்டையில் ஒரு பையன். எங்களுக்கு நாற்பதடி தள்ளி நின்றார்கள். பையன் என் மகளை இரண்டு தடவை பார்த்தான். அம்மா அவன் காதில் ஏதோ சொன்னாள். பிறகு மூவரும் திரும்பி ராட்டினத்தின் பக்கம் நடந்தார்கள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"அவங்க இல்லீங்க," என்றாள் என் மனைவி.

"அவங்கதான். மீசையைப் பாரு. போட்டோல இருக்கிற மீசை."

"இவரு கண்ணாடி போட்டிருக்காருப்பா. போட்டோல கண்ணாடி இல்லியே," என்றாள் மகள், மான்களைப் பார்த்தபடியே.

"போட்டோவுக்குக் கழட்டிடுவாங்க."

மூன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். யாரும் மணி கேட்கவில்லை. மகள் கையில் இருந்த கீரைக்கட்டு முழுவதையும் மான்கள் தின்றுவிட்டன. "போலாம்பா, புடவை கசங்குது," என்றாள்.

என் பையில் எப்போதும் தபால் அட்டைகள் இருக்கும். குடிலுக்குத் திரும்பியதும் ஒன்றை எடுத்தேன். ஐந்தாவது முறையாவது முதலில் மறுத்தது நாங்களாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எந்தக் கடிதத்திலும் தேதி, நேரம், வானிலை எழுதித்தான் தொடங்குவது என் வழக்கம். 17-9-87, மாலை 3.40, மூட்டம். 'ஜாதகம் பொருந்தவில்லை. எங்களுக்கு இதில் விருப்பமில்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்.' மூன்று வாக்கியம். மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, பூங்கா வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டேன். நாலரைக்கு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனதையும் நின்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர் சொன்னார், புதன் இரவே விழுப்புரம் பக்கம் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள், ஒரு வண்டிகூட வரவில்லை என்று. அப்படியென்றால் நேற்று வந்தவர்கள் யார் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் அந்த மீசையை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 11 மணி 15 நிமிடம். போவதற்கு வழியில்லாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் அன்று பருத்திப் புடவைதான் கட்டியிருந்தாள். பெரியவர் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு காலிலும் துணிக் கட்டு. பின்னால் தூசி படிந்த சட்டையில் ஒரு பையன். கண்ணாடி இல்லை. போட்டோவில் இருந்த மீசையையும் எடுத்திருந்தான்.

பெரியவர் என் எதிரே நின்றார். "மணி இன்னா ஆவுதுங்க?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் மனைவிதான் சொன்னாள்: "வாங்க, உக்காருங்க. மணி கெடக்குது."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, அப்பாவும் மகனும் மட்டும் கிளம்பியிருக்கிறார்கள். விழுப்புரம் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் நடை. நடுவில் கொஞ்ச தூரம் மாட்டுவண்டி. செங்கல்பட்டு தாண்டித்தான் டவுன் பஸ் கிடைத்திருக்கிறது.

"திரும்பிடலாம்னு சொன்னேன். இவன் கேக்கல," என்றார் பெரியவர். "அந்தப் பொண்ணு குந்திக்கினே இருக்கும்பா, நாம வரலன்னா வேற மாதிரி நெனச்சிக்கும்னு ஒரே பிடிவாதம்."

"அப்பாவுக்கு நடக்கும்போது பேச்சு குடுக்கணும்ல," என்று பையன் கூச்சத்தோடு சிரித்தான். "அதான் மரத்த எண்ணிக்கினு வந்தோம். விழுந்த மரம் நூத்திப் பன்னெண்டு. புளியமரத்துல எல்லாம் நம்பர் எழுதியிருக்குதுங்களே சார், அதையும் குறிச்சிக்கினேன்."

சட்டைப்பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினான். அதன் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எண்கள். என் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு ஏத்த ஆளுதான்," என்றாள். அவள் முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சாலை திறக்கும்வரை ஐந்து பேரும் அங்கேயே இருந்தோம். மாட்டிக்கொண்டவர்கள் என்று குடிலுக்குப் பாதி வாடகைதான் வாங்கினார்கள். காலையில் மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள். தங்கியிருக்கும் குடும்பங்கள் கேட்டால் கயிற்றில் ஒரு பிடி கொடுப்பார்கள். இதுவும் விளம்பரத் தாளில் கிடையாது. ஞாயிறு காலை என் மகளும் அந்தப் பையனும் கயிறு பிடித்தார்கள். அவர்களையும் சேர்த்து ஒரு பக்கம் பதினேழு பேர். கூலியாகக் கை நிறைய நெத்திலி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் புடவையைச் செருகிய கோலத்திலேயே ஓடி வந்தாள்.

மலையைப் பற்றி அவன் நிறையக் கேட்டான். கடைசி பஸ்ஸை விட்டால் என்ன செய்வீர்கள், பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து வருவார்கள், மழையில் பாதை என்ன ஆகும். "கல்யாணம் ஆனா மாத்தல் கேக்கணுமா?" என்றாள் அவள். "எதுக்குங்க? வாரத்துக்கு ஒரு தபா நான் ஏறி வர்றேன். நடக்கத்தான் கத்துக்கினேனே," என்றான்.

அன்று மதியம் குடிலில் என் மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, அந்தக் கார்டு இன்னா ஆவுறது? இப்பவே சொல்லிடுங்க. நல்ல மனுசங்க, சிரிச்சிக்கினு போயிடுவாங்க."

"வண்டியே ஓடல. தபால் எப்படிப் போகும்? சாலை திறக்கிற அன்னிக்கே நாமளும் போறோம். போஸ்ட் ஆபீசுலயே வாங்கிக் கிழிச்சிடலாம்."

"அப்ப ஒரு தந்தி?"

"காய்ச்சல்ல படுத்திருக்கிற அம்மாவுக்குத் தந்தியா? தந்திக்காரனைப் பாத்தவுடனே உசுரு போயிடும்."

கணக்கு எனக்குச் சரியாக இருந்தது. நான்கு முறை என்னை மறுத்தவர்களுக்கு முன்னால் தலை குனிந்தாயிற்று, ஐந்தாவதாக வந்தவர்களிடமும் குனிய வேண்டுமா என்பதுதான் கணக்குக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்லும் வயது அப்போது வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட்டது மொத்தம் பதினான்கு வேளை. பதினான்கு தடவையும் சொல்வதற்கு இடம் இருந்தது.

24ஆம் தேதி, வியாழக்கிழமை, ஐவரும் ஒரே பேருந்தில் புறப்பட்டோம். வெட்டிய மரங்களை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பையன் சீட்டிலிருந்த எண்களைப் படிக்க, என் மகள் ஜன்னல் வழியே அடிமரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டு வந்தாள். உளுந்தூர்பேட்டையில் இறங்கி, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கள்ளக்குறிச்சி போக வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நான் பழம் வாங்குவதாகச் சொல்லிப் பின்தங்கி, தபால் அலுவலகத்துக்கு ஓடினேன்.

ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிரவே இல்லை. "அந்தத் தெருவுக்கா? நேத்தே பட்டுவாடா ஆயிடுச்சே. போலீசு காவலோட ஒரு பை வந்துதுங்க."

அங்கிருந்து அவர்கள் வீடு அறுநூற்று நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சலில் முகம் வற்றியிருந்தது. மற்றவர்களைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா எழுதினது? எனக்குப் படிக்கத் தெரியும்ங்க," என்று அட்டையைக் கணவரிடம் நீட்டினார்.

பெரியவர் அதைச் சத்தமாகவே படித்தார். தேதி, நேரம், மூட்டம், பிறகு மூன்று வாக்கியம். படித்து முடித்துவிட்டு மறுபடியும் தேதியைப் பார்த்தார்.

"பதினேழாந்தேதி எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நாங்க ரோட்டுல நடந்துக்கினு இருந்தோம். சரி, தெரியாம எழுதிட்டீங்க. அதுக்கப்புறம் நாங்க வந்தமே, அஞ்சு நாளு ஒண்ணாத் துன்னமே, எம் புள்ள உங்ககிட்ட உக்காந்து மரக்கணக்கு சொன்னானே. ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாங்க?"

வேறு ஆளை மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டேன் என்றேன். நாற்பதடி, முழுக்கைச் சட்டை, மீசை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

பையன் திரும்பினான். என் மகளைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்று அவள் தலையசைத்தாள். அவன் நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் அம்மா உள்ளே போய்விட்டார். பெரியவர் அட்டையை என் சட்டைப்பையில் வைத்தார். "எண்ணி எண்ணி எழுதுறவரு. இதையும் உங்க கணக்குல வெச்சிக்கங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நிலையம்வரை கூடவே வந்து, கள்ளக்குறிச்சி வண்டியில் மூன்று இடம் பிடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மகள் மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினாள். போகும் முன், "நீங்க கார்டு போட்டதுக்குக் கோவமில்லப்பா. நானும் அவங்கதான்னு பாதி நெனச்சேன். ஞாயித்துக்கெழமை சொல்லியிருந்தா நானே அவர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பேன்," என்றாள். அதற்குப் பிறகு எந்த ஜாதகத்துக்கும் அவள் சம்மதிக்கவில்லை. வெள்ளிமலையிலேயே இருந்து, அங்கேயே தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காலையில் மூன்று, இரவில் இரண்டு என்று என் மாத்திரைகளை அவள்தான் எண்ணிக் கொடுக்கிறாள்.

அந்தப் பயணத்தின் செலவுகளை எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. பேருந்து, குடில், சாப்பாடு, மான்களுக்குக் கீரை, நெத்திலி வறுக்க இரண்டு ரூபாய், வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க முடியாமல் திரும்பிய பழம் உள்படக் கூட்டுத்தொகை 1,186 ரூபாய் 40 பைசா. அட்டையையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதன் விலையை நான் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் விட்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து, போன மாதம்தான் கடைசி வரியாக எழுதிச் சேர்த்தேன்: தபால் அட்டை ஒன்று, பதினைந்து பைசா.